45 டிகிரிக்கு வராத நெடுக்கம்: பதினோராம் வகுப்புக் கவண் சோதனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்தது இது. பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு, தமிழ்வழி. பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் தோல் தொழிற்சாலைக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறவர். மற்றவர்களுக்கு நிலக்கடலை, மாந்தோப்பு, பீடிக் கட்டு. இயற்பியல் எடுப்பவர் ஓர் ஆசிரியை. நான் அதே வகுப்புக்குக் கணிதம் எடுப்பவன். இந்தச் சோதனையில் ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்தேன்.

ஆண்டின் தொடக்கத்திலேயே வருவது இயக்கவியல் பாடம். அதில் எறிபொருளின் இயக்கம் என்ற பகுதி பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் வருவித்தல் ஒன்றைச் சரியாக எழுதிவிட்டால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். தொடக்க வேகத்தின் வர்க்கத்தை எறிகோணத்தின் இருமடங்கின் சைனால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைத்தள நெடுக்கம், அதாவது பொருள் போய் விழும் தூரம். சைனின் பெரும மதிப்பு 1. அது 90 டிகிரியில் வரும். ஆகவே எறிகோணம் 45 டிகிரியாக இருந்தால் பொருள் அதிக தூரம் போய் விழும். 30 டிகிரியில் எறிந்தாலும் 60 டிகிரியில் எறிந்தாலும் ஒரே தூரம். இதை வகுப்பில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். ‘மேசை மேலிருந்து எறிந்தாலும் 45 தானா?’ என்று இயற்பியல் ஆசிரியை ஒருநாள் கேட்டபோது வகுப்பு ஒரே குரலில் ‘ஆமாம் மிஸ்’ என்றது.

அந்தப் பதில்தான் சோதனைக்குக் காரணம். குழுக்குழுவாகச் சேர்ந்து கவண் பொறி செய்து, கோணத்தை மாற்றி மாற்றி எறிந்து, விழும் தூரத்தை அளந்து வரைபடம் போட வேண்டும் என்று சொன்னார். வகுப்பு ஆறு குழுவாகப் பிரிந்தது.

கருவியும் கட்டுப்பாடும்

பையன்கள் முதலில் கேட்டது உண்டிவில். அது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பொருளே இல்லை. தலைமை ஆசிரியர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பள்ளி வளாகத்தில் கல் பறக்கக் கூடாது, ஜன்னலுக்கும் கண்ணுக்கும் யார் பதில் சொல்வது என்பது அவர் வாதம். நியாயமானதுதான். ஆகவே மேசையில் பொருத்தும் கவண் என்று முடிவானது. ஓர் அடி நீள மரக்கை. அதன் அடி ஒரு ஆணியில் சுழலும். பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து கத்தரித்த ரப்பர் பட்டை கையை முன்னோக்கி இழுக்கும். கையைப் பின்னால் படுக்கையாகச் சாய்த்துப் பிடித்து விட்டால், அது மேலே சுழன்று ஒரு தடுப்புக் கட்டையில் மோதி நிற்கும், நுனியில் இருக்கும் உருண்டை பறந்து போகும். உருண்டையைத் தாங்கும் பையை ஷூ கம்பெனியிலிருந்து வந்த தோல் துண்டில் தைத்தார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கியது ஆணியும் கீலும் மட்டும்தான்.

எறிவதற்குக் கல்லும் கோலியும் கூடாது. சிலர் புளியங்கொட்டை கொண்டுவந்தார்கள். அது ஆளுக்கொரு வடிவம், விழுந்த இடமும் தெரியாது. டேபிள் டென்னிஸ் பந்து ஆபத்தில்லாதது, ஆனால் அதன் எடை 2.7 கிராம்தான். கடைசியில் குயவர் வீட்டுக் களிமண்ணைச் சுமார் 3 சென்டிமீட்டர் விட்டத்தில் உருட்டி, நிழலில் காயவைத்து, ஆய்வகத் தராசில் எடைபோட்டு 25 கிராமுக்கு அருகில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். விழும் இடமாக நீளம் தாண்டும் மணல் குழி. மாலை மழைக்குப் பிறகு மணல் ஈரமாக இருக்கும், உருண்டை விழுந்த பள்ளம் அச்சாகத் தெரியும். குழியின் ஓரத்தில் மேசை. மேசை உயரத்தையும் கையின் நீளத்தையும் சேர்த்தால் உருண்டை விடுபடும் இடம் மணலிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருந்தது. எறியும்போது யாரும் மேசைக்கு முன்னால் வரக் கூடாது. உடற்கல்வி ஆசிரியரின் விசில் இல்லாமல் யாரும் கையை விடக் கூடாது.

கோணத்தை மாற்றத் தடுப்புக் கட்டையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். 15, 30, 45, 60, 75 டிகிரி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வீச்சு, சராசரி எடுக்க வேண்டும். கோணத்தை எப்படி அளப்பது என்பதைக் குழுக்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பின்னால் வந்த கதை முழுவதும் இந்த ஒரு சுதந்திரத்தில்தான் தொங்கியது.

முதலில் கண்டது

குறித்த நாளில் ஆறு குழுக்களும் ஃபேர் நோட்டைக் கொடுத்தன. கோடு போட்ட அட்டவணை, வண்ணப் பென்சிலில் வரைபடம். ஆறிலும் உச்சம் 45 டிகிரியில். இயற்பியல் ஆசிரியை திருப்தியாகத்தான் இருந்தார். நோட்டுகளை என்னிடம் காட்டினார்.

ஒரு குழுவின் எண்கள் இவை: 15 டிகிரியில் 1.85 மீட்டர், 30-இல் 3.20, 45-இல் 3.70, 60-இல் 3.20, 75-இல் 1.85. கணக்கு வாத்தியாருக்கு இதில் உறுத்துவது உடனே தெரிந்துவிடும். 3.70-ஐ 0.866-ஆல் பெருக்கினால் 3.20. அந்த 0.866 என்பது சைன் 60. 3.70-இல் பாதி 1.85, ஏனென்றால் சைன் 30 அரை. களிமண் உருண்டையும் சைக்கிள் ட்யூபும் சேர்ந்து முக்கோணவியல் அட்டவணையை இவ்வளவு துல்லியமாக மணலில் எழுதாது. 45 டிகிரிக்கு மட்டும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் சூத்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். மற்றக் குழுக்களின் அட்டவணையும் ஏறக்குறைய இதே சாயல்தான், ஒன்றிரண்டு பேர் நம்பும்படியாக இருக்கட்டும் என்று இரண்டு சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்திருந்தார்கள். அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

எண்கள் அழகாக இருப்பது மட்டும் ஆதாரமாகாது. ஆனால் இங்கே இன்னொன்றும் இருந்தது. எறிந்தது மேசையிலிருந்து, விழுந்தது மணலில். ஒரே வேகத்தில் 1 மீட்டர் உயரத்திலிருந்து எறிந்தால் 30 டிகிரியும் 60 டிகிரியும் சமமாக வரவே முடியாது. அவர்கள் எண்ணிலிருந்து கிடைக்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 6 மீட்டர். அந்த வேகத்தில் 30 டிகிரி உருண்டை 4.45 மீட்டர் போகும், 60 டிகிரி உருண்டை 3.70 மீட்டர்தான் போகும். முக்கால் மீட்டர் வித்தியாசம். தட்டையாக எறிந்த உருண்டைக்குக் கிடை வேகம் அதிகம். மேசை மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் நேரத்தில் அது இன்னும் கொஞ்சம் முன்னால் போய்விடும். செங்குத்தாக எறிந்தது கீழே இறங்கும் அந்தக் கடைசித் துண்டில் ஏறத்தாழ நேராக விழும், உயரத்தால் அதற்குப் பெரிய லாபம் இல்லை. இந்த 6 மீட்டர் வேகத்துக்கு உச்சம் வர வேண்டிய கோணம்கூட 45 அல்ல, சுமார் 39 டிகிரி.

விசாரித்தோம். மிரட்டவில்லை. ரஃப் நோட்டு எங்கே என்று மட்டும் கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பையன் சொன்னான்: “நாப்பத்தஞ்சு தானே மிஸ் வரணும்? எங்களுக்கு வரலை. அதான் வர வெச்சோம்.”

ரஃப் நோட்டில் இருந்தது

ரஃப் நோட்டுகள் வந்தன. ஒன்று ராக்கெட் ஆகிக் கூரைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மீதி ஐந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிலைமை இன்னும் குழப்பமாகியது.

ஒரு குழுவுக்கு அதிக தூரம் 30 டிகிரியில் வந்திருந்தது: 4.15 மீட்டர். 45-இல் 3.30, 60-இல் 1.95, 75-இல் அறுபது சென்டிமீட்டர்தான். மற்ற நான்கு குழுக்களுக்கும் தலைகீழ். அவர்களுக்கு 60 டிகிரியில்தான் நாலு மீட்டருக்கு மேல், 30-இல் இரண்டு மீட்டர்கூடத் தேறவில்லை. 45-இல் மட்டும் எல்லோரும் 3.30-க்குப் பக்கத்தில் ஒத்துப்போனார்கள்.

பிள்ளைகளிடம் இதற்கு விளக்கம் தயாராக இருந்தது. ‘30-உம் 60-உம் சமம்னு புக்லயே இருக்கு சார், அதனால ரெண்டு பேரும் கரெக்ட்’ என்றார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் இது எதையும் விளக்காது. சமம் என்றால் ஒரே குழுவுக்கு இரண்டு கோணத்திலும் சமமாக வர வேண்டும். இங்கே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோணம் இன்னொன்றைவிட இருமடங்கு. இன்னொரு விளக்கம் காற்று. ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. ‘ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், களிமண்ணு பறக்காதா?’ என்று ஒருத்தி கேட்டதும் வகுப்பே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

எடுத்த முடிவுகள்

இயற்பியல் ஆசிரியையும் நானும் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பேசினோம். அவருக்கு முதலில் கோபம். செய்முறைத் தேர்விலும் இதைத்தானே செய்வார்கள் என்றார். நான் சொன்னது, செய்முறைத் தேர்வுக்காகத்தான் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்று. சரியான விடைக்கு இத்தனை, அட்டவணைக்கு இத்தனை, படத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் பிரித்தால், கிடைத்த எண்ணை அப்படியே எழுதுகிறவன்தான் முட்டாள். பல பள்ளிகளில் செய்முறை நோட்டு இப்படித்தான் நிரம்புகிறது என்பது ஆசிரியர் எல்லோருக்கும் தெரியும், ஆய்வகத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

யாருக்கும் மதிப்பெண் குறைப்பதில்லை என்று முடிவுசெய்தோம். குறைத்தால் அடுத்த தடவை இன்னும் கவனமாகத்தான் ஜோடிப்பார்கள். அதற்குப் பதிலாக, ஃபேர் நோட்டு இந்தச் சோதனைக்குக் கணக்கில் வராது. ரஃப் நோட்டுத்தான் பதிவு. பேனாவில் எழுத வேண்டும், அடிக்கலாம், அழிக்கக் கூடாது, வீச்சு சொதப்பினால் சொதப்பியதையும் எழுத வேண்டும். 45 வராத குழு ‘ஏன் வரவில்லை’ என்பதற்கு ஒரு காரணம் சொல்லி, அந்தக் காரணத்தைச் சோதித்துக் காட்டினால் முழு மதிப்பெண்.

இரண்டாவது முடிவு, விடையை நாங்கள் சொல்லிவிடக் கூடாது என்பது. ஐந்து குழுக்களின் எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று விட்டோம்.

காற்றைச் சோதித்தது

முதலில் காற்று, ஏனென்றால் வகுப்பின் நம்பிக்கை அதில்தான். மேசையைக் குழியின் ஒரு முனையில் வைத்துக் காற்றோடு எறிந்தார்கள், மறுமுனைக்கு மாற்றிக் காற்றுக்கு எதிராக எறிந்தார்கள். களிமண் உருண்டையில் ஏற்பட்ட மாற்றம், அதே கோணத்தில் ஐந்து வீச்சுக்குள்ளேயே வரும் சிதறலைவிடப் பெரிதாக இல்லை. டேபிள் டென்னிஸ் பந்து மட்டும் எதிர்காற்றில் நடுவழியிலேயே சோர்ந்து விழுந்தது.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் அந்தப் பந்தின் மேல் காற்றுத் தடை அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே வேகத்தில் களிமண் உருண்டைக்கு எடையில் சுமார் 2 விழுக்காடுதான். தடை விசை குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, அதைச் சமாளிக்கும் நிறை இந்த உருண்டைக்குப் பத்து மடங்குக்கு அருகில். ஆடிக் காற்றுக்கு இதில் பங்கு இல்லை என்று வகுப்பே ஒப்புக்கொண்டது. அரைமனதாகத்தான்.

தூக்குக்குண்டும் கோணமானியும்

30 டிகிரியில் உச்சம் கண்ட குழுவில் ஒரு பெண்ணின் அப்பா கொத்தனார். அவருடைய தூக்குக்குண்டைக் கொண்டுவந்து, கையோடு ஒட்டிய கோணமானியின் நடுவில் நூலைத் தொங்கவிட்டுக் கோணம் அளந்திருந்தார்கள். மற்ற நான்கு குழுக்களும் கோணமானியை அடிப்பலகையில் வைத்து, பலகைக்கும் கைக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்திருந்தார்கள்.

இயற்பியல் ஆசிரியை ஒரு கவணை எல்லோருக்கும் நடுவில் வைத்து, கையைத் தடுப்பில் நிறுத்தி, ‘இந்த இடத்தில் உருண்டை எந்தப் பக்கம் போகப் பார்க்கும்?’ என்று கேட்டார். பெரும்பாலோர் கை நீட்டியிருக்கும் திசையிலேயே விரலைக் காட்டினார்கள். வட்டத்தில் சுற்றும் பொருளின் வேகம் தொடுகோட்டுத் திசையில் இருக்கும் என்பது அவர்கள் பத்து நாள் முன்னால் எழுதிய விடை. அதை இந்தக் கட்டைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. கையின் நீளம் ஆரம், உருண்டை பறப்பது அதற்குச் செங்குத்தாக. கை நிமிர்ந்து நின்றால் உருண்டை கிடைமட்டமாகப் பறக்கும். கை படுத்துக் கிடக்கும்போது விடுபட்டால் நேராக வானத்துக்குப் போகும். பலகையிலிருந்து கை 60 டிகிரி எழும்பி நின்றால் எறிகோணம் 30.

தூக்குக்குண்டுக் குழு அளந்தது கைக்கும் செங்குத்துக்கும் உள்ள கோணம். அதுவே எறிகோணத்துக்குச் சமம் என்பது அவர்களுக்கும் தெரியாது, அளவு தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. மற்ற நால்வருடைய 60-ஐ 90-இலிருந்து கழித்தவுடன் ஐந்து வரைபடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. 45-இல் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போன காரணமும் அதுதான்: 90-இலிருந்து 45-ஐக் கழித்தாலும் 45. இந்தச் சோதனையில் 45 டிகிரியை மட்டும் செய்து பார்த்திருந்தால் இந்தக் குளறுபடி வெளியே வந்திருக்கவே வந்திருக்காது.

உச்சம் ஏன் 30-இல்

இப்போது எல்லோருக்கும் உச்சம் 30 டிகிரிப் பக்கம். மேசை உயரம் காரணம் என்று ஒரு குழு சொன்னது. பாதி உண்மை. 1 மீட்டர் உயரம் உச்சத்தை 39 வரை இறக்கும், இந்தக் கவணின் வேகத்துக்கு இன்னும் ஓரிரண்டு டிகிரி கீழே. ஆனால் உச்சத்தையொட்டிய இடத்தில் வளைவு கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும். 45-க்கும் 39-க்கும் இடையே தூரத்தில் பத்து சென்டிமீட்டர்கூட மாறாது. இவர்களுக்கோ 30-க்கும் 45-க்கும் இடையே எண்பத்தைந்து சென்டிமீட்டர்.

இங்கே என் பாடவேளை இரண்டை எடுத்துக்கொண்டோம். தூரம், உயரம், கோணம் மூன்றும் தெரிந்தால் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். எறிந்த பொருள் போகும் வளைவான பரவளையத்தின் சமன்பாட்டில் இட்டுத் தீர்க்க வேண்டியதுதான். தூக்குக்குண்டுக் குழுவின் எண்களைப் போட்டதில் 30 டிகிரியில் வேகம் வினாடிக்கு 5.8 மீட்டர், 45-இல் 5.0, 60-இல் 4.1. சூத்திரம் ‘வேகம் மாறாதபோது’ என்று சொல்லிவிட்டுத்தான் 45-ஐத் தருகிறது. இவர்கள் கோணத்தை மாற்றும்போதெல்லாம் வேகமும் கூடவே மாறிக்கொண்டிருந்தது.

ஏன் மாறியது? தடுப்புக் கட்டையைப் பின்னால் நகர்த்தினால் எறிகோணம் ஏறும், ஆனால் கை சுழலும் தூரம் குறையும். 30 டிகிரிக்கு எறியக் கை 60 டிகிரி சுழல்கிறது. 60 டிகிரிக்கு எறிய வெறும் 30 டிகிரிதான் சுழல்கிறது. ரப்பர் கையை இழுக்கும் தூரம் பாதி. வேகங்களின் வர்க்கத்தை எழுதிப் பார்த்தார்கள்: ஏறத்தாழ 33, 25, 17. கை சுழன்ற கோணங்கள் 60, 45, 30. வகுத்தால் மூன்றும் 0.55-ஐ ஒட்டி. ரப்பர் செய்த வேலை கை சுழன்ற அளவுக்கு நேர்விகிதத்தில் இயக்க ஆற்றலாகியிருக்கிறது. ஜோடித்த அட்டவணையில் 0.866 இருந்ததுபோல இதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. இது மணலிலிருந்து வந்தது.

அடுத்த கேள்வி, வேகத்தை மாற்றாமல் கோணத்தை மட்டும் எப்படி மாற்றுவது. நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம், அது சுலபமாக இல்லை. கடலைக் கொல்லையில் கிளி விரட்டிப் பழகிய ஒரு மாணவிதான் சொன்னாள்: “உண்டிவில்லுல இந்தப் பிரச்சனையே இல்ல சார். எந்தப் பக்கம் சாய்ச்சாலும் இழுப்பு ஒண்ணுதான். கவட்டையையே தானே சாய்க்கிறோம்.” கவணிலும் அதையே செய்யலாம் என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தடுப்பை ஓர் இடத்தில் ஆணியடித்துவிட்டு, அடிப்பலகையின் முன்பக்கத்துக்கோ பின்பக்கத்துக்கோ செங்கல் வைத்துப் பொறியையே சாய்ப்பது.

இரண்டாம் சுற்று

தடுப்பைக் கை 45 டிகிரியில் நிற்கும்படி அடித்தார்கள். மேசையை எடுத்துவிட்டு, குழியின் ஓரத்தில் தரையிலேயே பொறியை வைத்தார்கள். விடுபடும் உயரம் 20 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியது. கோணம் எல்லாக் குழுவுக்கும் தூக்குக்குண்டால்தான். அடிப்பலகை சாய்ந்துவிட்டால் பலகையிலிருந்து அளக்கும் கோணத்துக்குப் பொருளே இல்லை என்பது இப்போது சொல்லாமலே புரிந்தது.

30 டிகிரியில் 2.5 மீட்டர், 45-இல் 2.7, 60-இல் 2.3. சிதறல் பத்து சென்டிமீட்டர் அளவில். 40 டிகிரியையும் சேர்த்துப் பார்த்தார்கள், 45-இலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. 30-உம் 60-உம் இன்னும் சமமில்லை, மீதமிருக்கும் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு அந்த வித்தியாசம் கணக்கில் சரியாக வருகிறது. ‘45 வந்துச்சு’ என்று யாரும் கத்தவில்லை. ‘நாப்பதுக்கும் நாப்பத்தஞ்சுக்கும் நடுவுல எங்கயோ’ என்று ஒரு குழு நோட்டில் எழுதியிருந்தது. அந்த வரியை இயற்பியல் ஆசிரியை சிவப்பு மையில் அடிக்கோடிட்டார்.

ரப்பர் பற்றிய ஒரு தொல்லை இந்தச் சுற்றில்தான் கவனத்துக்கு வந்தது. தொடர்ந்து எறிய எறிய ட்யூப் பட்டை தளர்ந்து, கடைசி வீச்சுகள் குறுகின. கோணத்தை வரிசையாக ஏற்றிக்கொண்டே போனால், ரப்பர் தளர்வதைக் கோணத்தின் விளைவு என்று தப்பாக எடுத்துக்கொள்வோம். அதனால் கோணங்களைக் கலைத்துப் போட்டு, முதலிலும் நடுவிலும் கடைசியிலும் 45-ஐத் திரும்ப எறிந்து, அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னோம். ஒரு குழு பட்டையை மாற்ற வேண்டிவந்தது. பழைய பட்டையின் எண்களோடு புதியதன் எண்களைக் கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதியதை யாரும் சொல்லித்தரவில்லை.

இடையில் ஒரு கிளைப்பேச்சு. வேலூர்க் கோட்டையைக் கவண் வைத்து உடைத்திருப்பார்களா என்று ஒரு பையன் கேட்டான். கோட்டை எழுந்தது 16ஆம் நூற்றாண்டில். அதற்குள் பீரங்கி வந்துவிட்டது, அகழியும் கருங்கல் மதிலும் அந்தக் காலத்து வேலை. ஆனால் அவன் கேள்வி எங்களுக்குப் பயன்பட்டது. பீரங்கிக்கு அதிக தூரம் கிடைப்பது 45 டிகிரியில் என்று இத்தாலியில் டார்டாக்லியா என்ற கணித அறிஞர் 1537இல் அச்சில் சொன்னார். குண்டு போகும் பாதை பரவளையம் என்று கலிலியோ வெளியிட்டது 1638இல், நூறு ஆண்டு கழித்து. விடை முதலில், காரணம் பின்னால். நம் வகுப்பில் விடை மட்டும் மனப்பாடமாக நின்றுபோனது ஏதோ இந்தப் பிள்ளைகளின் குறை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பின்விளைவு

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத முடியாது. ஒரு குழு கடைசிவரை ஃபேர் நோட்டைத் திருத்த மறுத்தது. அழகாக எழுதிய பக்கத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஒரு பெற்றோர், பாடத்தை முடிக்காமல் மணலில் விளையாட விடுகிறார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் வந்து சொன்னார். பாடம் தள்ளிப்போனது உண்மை. அடுத்த பகுதியை அவசரமாக நடத்த வேண்டிவந்தது, அதில் பிள்ளைகள் கொஞ்சம் தடுமாறினார்கள்.

‘பரீட்சையில எதை மிஸ் எழுதறது?’ என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொன்னோம்: 45 என்றே எழுத வேண்டும், அதற்கு முன்னால் எறியும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டம், காற்றுத் தடை இல்லை, வேகம் மாறவில்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். காலாண்டுத் தேர்வில் பெரும்பாலோர் அந்த வரியை எழுதியிருந்தார்கள். மாடியிலிருந்து பந்து எறியும் கணக்கை வகுப்பில் கொடுத்தபோது, 45-ஐ எடுத்தவுடன் போடாமல் உயரம் எவ்வளவு என்று முதலில் பார்த்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஊசல் சோதனையில் ஒரு பையன் புவியீர்ப்பு முடுக்கம் 9.2 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ‘நூலின் நீளத்தை முடிச்சு வரைதான் அளந்தோம், குண்டின் மையம் வரை அளக்கவில்லை’ என்று குறித்திருந்தான்.

அடுத்த முறை மாற்ற நினைப்பவை

கோணத்தை அளக்கும் முறையைக் குழுக்களிடமே விடுவதை மாற்றப்போவதில்லை. இயற்பியல் ஆசிரியை இதில் தயங்குகிறார், நேரம் வீணாகிறது என்கிறார். அளவு இரண்டு விதமாக வந்திராவிட்டால் தொடுகோட்டைப் பற்றிய பேச்சே எழுந்திருக்காது என்பது என் வாதம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாற்றப்போவது வேறு. முதல் நாளிலிருந்தே ரஃப் நோட்டைப் பதிவாக அறிவிப்பது. முதல் சுற்றிலேயே கிடைமட்ட வீச்சு ஒன்றைச் சேர்ப்பது: கை நிமிர்ந்து நின்று உருண்டை நேராக முன்னால் பறந்தால், 1 மீட்டர் விழ 0.45 வினாடி, தூரத்தை அதால் வகுத்தால் வேகம் வந்துவிடும், சமன்பாடு தீர்க்கத் திணறும் பிள்ளைகளுக்கும் இது எட்டும். ட்யூப் பட்டைகளை எல்லாக் குழுவுக்கும் ஒரே ட்யூபிலிருந்து ஒரே அகலத்தில் கத்தரித்து, எறியும் முன்பு சில தடவை இழுத்துவிட்டுப் பழக்கிக்கொள்வது. அப்புறம் 75 டிகிரி. பொறியைச் சாய்த்த பிறகும் அந்தக் கோணத்தில் இரண்டு குழுக்களுக்கு உருண்டை கணக்கைவிடக் கிட்டத்தில் விழுந்தது. கை தடுப்பைத் தொடும் முன்பே உருண்டை தோல் பையிலிருந்து நழுவுகிறதோ என்று சந்தேகம். வேகம் குறைத்துப் படம் பிடிக்கும் செல்போன் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தி அதைப் பார்க்கலாம் என்று அந்த இரண்டு குழுக்களும் எழுதிக் கொடுத்திருக்கின்றன. தலைமை ஆசிரியர் செல்போனுக்கு அனுமதி தருவதைப் பொறுத்தது.